வாகனமும் அலங்காரமும்

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமாகிய ‘அந்நஹ்ல்’, தொடக்கத்திலேயே கால்நடைகளைப் பற்றிப் பேசுகின்றது. அவற்றால் நமக்குக் கிடைக்கும் கதகதப்பான ஆடையையும் உணவையும் பிற பயன்களையும் சொல்லிய உடனேயே, வேறொன்றையும் அது நினைவூட்டுகின்றது. மாலையில் மந்தையை வீட்டுக்கு ஓட்டி வரும்போதும், காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடும்போதும், அந்தக் காட்சியில் உங்களுக்கு ஓர் அழகு உண்டு என்பதே அது. சற்றுத் தள்ளிக் குதிரையும் கோவேறு கழுதையும் கழுதையும் வருகின்றன. அவை எதற்காகப் படைக்கப்பட்டன? ஏறிச் செல்வதற்காக, அத்துடன் அலங்காரமாகவும். ‘ஸீனத்’ என்பதே அங்குள்ள சொல். நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கின்றான் என்னும் கருத்தோடு அவ்வசனம் முடிகின்றது. பிற்கால விரிவுரையாளர்கள் சிலர், இரயிலும் மோட்டாரும் ஆகாய விமானமும் இச்சொற்களுள் அடங்கும் என்று எழுதியுள்ளனர். சைக்கிளைப் பெயர் சொல்லி எழுதியவரை நான் கண்டதில்லை. ஆயினும் அதை மட்டும் விலக்கி வைப்பதற்குக் காரணமில்லை.

வாகனத்துக்கு அழகு எதற்கு? ஏறிச் செல்லப் பயன்படுகின்றது என்பதோடு நிறுத்தியிருக்கலாம் அன்றோ? இவ்வசனங்களைப் பன்முறை ஓதியிருந்தும் இக்கேள்வி எனக்கு எழுந்ததில்லை. லண்டனில் வேலை பார்க்கும் என் மருமகன், லாத்தாவின் இளைய மகன், ஒரு சைக்கிளின் படத்தை அனுப்பிய பிறகே எழுந்தது.

பழைய செங்கல் சுவர் ஒன்றின்மீது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது அந்தச் சைக்கிள். கரும்பச்சை நிறம். மெல்லிய எஃகுக் குழாய்கள். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டு இல்லை. உற்றுப் பார்த்தேன், பிரேக்கும் இல்லை. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய ஃப்ரேம் ஒன்றை விலைக்கு வாங்கி, தன் கையாலேயே கட்டியது என்று எழுதியிருந்தான். படத்தைப் பார்த்த எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் அன்றிரவே லாத்தா தொலைபேசியில் அழைத்தார்கள்.

“தம்பி, மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இதற்கே போயிருக்கிறது. கட்டி முடித்துவிட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் படம் அனுப்புகிறான். இது பெருமையடிப்பதில் சேராதா? நீ நாலு கிதாபு பார்த்தவன். சொல்லு.”

பார்த்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டேன். சில வாரங்கள் கழித்தே என்னால் ஏதும் சொல்ல முடிந்தது. கிதாபுகளைப் பார்க்குமுன் அந்தச் சைக்கிளையே முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நம் ஊர்ச் சைக்கிள்களில் பின்சக்கரத்தோடு ஃப்ரீவீல் என்னும் உறுப்பு இருக்கின்றது. மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தன் போக்கில் உருளும். அப்போது எழும் ‘டிக் டிக்’ ஓசையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். என் மருமகன் கட்டியதில் அவ்வுறுப்பு இல்லை. பற்சக்கரம் பின்சக்கரத்தின் குடத்தோடு திருகி இறுக்கப்பட்டு, அது கழன்றுவிடாதபடி எதிர்த்திசையில் மரை வெட்டிய ஒரு வளையத்தால் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் சுழன்றால் பெடல் சுழன்றே தீரும். இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வில்லை. பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கி நகரும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுழலும் பெடலைக் கால்களால் எதிர்த்து அழுத்த வேண்டும். இதனை ‘ஃபிக்ஸட் கியர்’ என்று அழைக்கின்றார்கள்.

இது புதுமையன்று; பழமையிலும் பழமை. சைக்கிள் தோன்றிய காலத்தில் எல்லாமே இப்படித்தான் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஃப்ரீவீல் பரவலாயிற்று. அதன் பின்னர் பல் மாற்றும் கருவிகளும் வந்தன. 1903இல் தொடங்கிய பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை நடத்திய ஹென்றி தெக்ராஞ்ச் என்பார், மனிதனின் தசைவலிமையே வெல்ல வேண்டும் என்னும் பிடிவாதத்தால், சங்கிலியைப் பல் மாற்றும் கருவியை 1937 வரை பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. சாலையில் ஃபிக்ஸட் கியர் மறைந்த பிறகும், வட்டப் பாதையில் நடக்கும் பந்தயங்களில் அது நிலைத்துவிட்டது. எல்லாரும் ஒரே திசையில் செல்லும் அத்தடங்களில் பிரேக் தேவையில்லை. இருந்தால் அதுவே ஆபத்து. முன்னால் செல்பவர் திடீரென நின்றால் பின்னால் வருபவர் அவர்மீது மோதிவிடுவார். இதை நினைவில் கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

பெருநகரங்களில் சைக்கிளில் விரைந்து கடிதக் கட்டுகளைக் கொண்டு சேர்க்கும் தூதர்கள் இந்தத் தடவண்டிகளைச் சாலைக்குக் கொண்டு வந்தார்கள். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அவர்களுக்கு அது வசதியாயிருந்தது. உறுப்புகள் குறைவு; பழுதாகக்கூடியவை குறைவு. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தூதர்களைப் பார்த்து மற்ற இளைஞர்களுக்கும் ஆசை பிறந்தது. லண்டன், டோக்கியோ, பெர்லின் என்று பரவிற்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலும் பள்ளிவாசல் வாயில்களில் வண்ண வண்ணச் சக்கரங்களோடு இவை நிற்கும் அளவுக்கு அது வேரூன்றிற்று. உழைப்பாளியின் கருவி, ஓய்வு நேரத்தானின் அணிகலனாயிற்று. உலகில் இது ஒன்றும் புதிதன்று.

பழைய ஃப்ரேமை ஏன் தேடுகின்றார்கள்? இதற்கு ஒரு தொழிற்காரணம் உண்டு. பல் மாற்றும் கருவி இல்லாத வண்டியில், சங்கிலி தொய்வடைந்தால் இழுத்துப் பிடிக்கும் உறுப்பு ஏதும் கிடையாது. பின்சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இறுக்க வேண்டும். அதற்கு அச்சு அமரும் பிளவு கிடைமட்டமாக இருக்க வேண்டும். பழைய ஃப்ரேம்களில் அது அவ்வாறே இருந்தது. பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் நேர் செங்குத்தாயிற்று. எனவே 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்டு, யார் வீட்டுக் கொட்டகையிலோ துருப்பிடித்துக் கிடக்கும் ஃப்ரேமே இவ்வேலைக்கு உகந்தது. ஜப்பானிலிருந்தும் பழைய ஃப்ரேம்கள் கப்பலேறி வருகின்றன. 1948இல் கொக்குரா நகரில் தொடங்கிய ‘கெய்ரின்’ என்னும் தடப் பந்தயத்துக்காகக் கைவினைஞர்கள் செய்தவை அவை. உறுப்பு ஒவ்வொன்றிலும் ‘என்.ஜே.எஸ்.’ என்னும் அங்கீகார முத்திரை இருந்தாக வேண்டும் என்பது அப்பந்தயத்தின் விதி. கெய்ரின் பந்தயமே பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தின் பொருட்டு ஏற்பட்டது என்று அறிந்தபோது எனக்குச் சற்றே உறுத்திற்று. ஆனால் எஃகு என்ன பாவம் செய்தது? பந்தயம் விட்டு வெளியேறிய குதிரையை வாங்கி வண்டியில் பூட்டினால் அதைக் குற்றமென்று யாரும் சொல்லார்.

என் மருமகன் வாங்கியது ஆங்கிலேய ஃப்ரேம். பர்மிங்காம் நகரத்து ரெய்னால்ட்ஸ் நிறுவனம் 1935இல் வெளியிட்ட ‘531’ என்னும் குழாயால் ஆனது. இக்குழாயைப் பற்றி ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் முழுதும் ஒரே பருமன். உள்ளே அவ்வாறன்று. பிற குழாய்களோடு இணையும் முனைகளில் சுவர் கனமாகவும், நடுவில் மெல்லியதாகவும் இழைக்கப்பட்டிருக்கும். முனையில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் என்றால் நடுவில் 0.5 மில்லிமீட்டர். பளு விழும் இடத்தில் வலிமை. மற்ற இடத்தில் இலேசு. இம்முறைக்கு ரெய்னால்ட்ஸ் குடும்பத்தார் 1897லேயே காப்புரிமை பெற்றுவிட்டனர். ஃப்ரேமின் மேன்மை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கனத்தில்தான் அடங்கியிருக்கின்றது. எந்தப் படத்திலும் அது விழாது.

அவன் செய்த வேலைகளைக் கேட்டேன். துருவைச் சுரண்டி, பழைய வண்ணத்தை நீக்கி, புது வண்ணம் ஏற்றினான். பெடல் அச்சின் பால்ரஸ்களை மாற்றினான். பின் கவட்டின் அகலம் 126 மில்லிமீட்டராக இருந்தது. தடவண்டிச் சக்கரத்துக்குத் தேவை 120. பலகையும் கயிறும் கொண்டு, இரு பக்கமும் சமமாக வருமாறு, எஃகைச் சிறிது சிறிதாக உள்வளைத்தான். சக்கரத்துக்குத் தானே கம்பி கோத்துக் கோட்டம் எடுத்தான். முதல் சக்கரத்தை மூன்று முறை அவிழ்த்துக் கோத்தானாம். பற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. முன்னால் 48 பல்லும் பின்னால் 16 பல்லும் வைத்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. கேட்க நன்றாயிருக்கின்றது. ஆனால் காலை எதிர்த்து அழுத்திச் சறுக்கி நிறுத்தும்போதெல்லாம் டயரின் ஒரே இடம் தரையில் தேய்ந்து, சில நாட்களில் ஓட்டையாகிவிடும். 46க்கு 17 என்று வைத்தால், இரண்டுக்கும் பொது வகு எண் இல்லாமையால், தேய்வு பதினேழு இடங்களில் பகிர்ந்து விழும். பள்ளிக்கூடத்தில் பொது வகு எண்ணைக் கண்டு ஓடிய பிள்ளை இவன். அந்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின என்று லாத்தாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃப்ரேமை விற்றவர் எண்பது வயதைக் கடந்த ஒரு முதியவராம். பணத்தை எண்ணிப் பார்க்காமலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இதை ஓட்டப் போகின்றாயா, சுவரில் மாட்டப் போகின்றாயா?” என்று மட்டும் கேட்டாராம். லாத்தாவின் கேள்வியைக் காட்டிலும் இந்தக் கேள்வியே என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது.

இனி லாத்தாவின் கேள்விக்கு வருவோம். அழகிய பொருளைச் செய்வதும், அதில் மகிழ்வதும், பிறர் காண வைப்பதும் பெருமையாகுமா?

உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவன் சுவனம் புகமாட்டான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, ஒரு தோழர் எழுந்து, தம் ஆடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டும் என்று மனிதன் விரும்புகின்றானே, அதுவும் பெருமைதானா என்று வினவிய செய்தி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ கிரந்தத்தில் உள்ளது. அல்லாஹ் அழகன், அழகை விரும்புபவன் என்றும், பெருமை என்பது உண்மையை மறுத்தலும் மக்களை இழிவாக எண்ணுதலுமே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அத்தோழர் அவ்வாறு கேட்டிராவிட்டால் நம்மில் எத்தனை பேர் கந்தலையே தக்வா என்று எண்ணிக்கொண்டிருப்போம்! பெருமையின் இருப்பிடம் காலணியில் இல்லை என்பது அந்த விடையால் தெளிவாயிற்று. பிறரைப் பார்க்கும் பார்வையில்தான் அது இருக்கின்றது. நல்ல சைக்கிளை வைத்திருப்பவன், அடுத்தவனுடைய மலிவான சைக்கிளைக் கண்டு உதட்டைப் பிதுக்கும்போது அது தோன்றுகின்றது. பழைய சைக்கிளை வைத்திருப்பவன், புது சைக்கிளை வாங்கியவனைப் பார்த்து, ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று சொல்லும்போதும் அதுவே தோன்றுகின்றது. இரண்டாவது வகையைப் பலரும் கவனிப்பதில்லை. எளிமையிலும் பெருமை கூடு கட்டும்.

குதிரைகளைப் பற்றிய மற்றொரு நபிமொழி இவ்விடத்தில் இன்னும் நெருக்கமானது. ஒரே குதிரை, வைத்திருப்பவனைப் பொறுத்து மூவகையாகும். ஒருவனுக்கு நற்கூலி, ஒருவனுக்கு மறைப்பு, ஒருவனுக்குப் பாவச்சுமை. இறைவழியில் வைத்திருப்பவனுக்கு அது உண்ணும் புல்லும் பருகும் நீரும் நன்மையாக எழுதப்படுகின்றன. தன் தேவைக்காக வைத்து, அதன்மீதுள்ள இறைவனின் உரிமையை மறவாதவனுக்கு அது வறுமையிலிருந்து காக்கும் திரை. பெருமைக்கும் முகத்துதிக்கும் பகைமைக்கும் வைத்திருப்பவனுக்கு அது சுமை. குதிரை மாறவில்லை, அதன் கழுத்தின் வளைவும் பிடரியின் மினுக்கமும் மாறவில்லை. கயிற்றைப் பிடித்திருக்கும் கையின் நிய்யத் மட்டுமே மாறுகின்றது. ஆகவே படத்தைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஃப்ரேமின் உட்சுவரைப் போலவே நிய்யத்தும் புகைப்படத்தில் விழுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ரியா என்னும் முகத்துதியை நுணுகி ஆராய்கின்றார்கள். உடலால், உடையால், சொல்லால், செயலால், கூட்டாளிகளால் என்று அது நுழையும் வழிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார்கள். ஆனால் அவர்கள் கடுமை முழுவதையும் வணக்கத்தில் கலக்கும் ரியாவின்மீதே செலுத்துகின்றார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உலக விவகாரங்களில் பிறர் உள்ளத்தில் நல்லிடம் பெற விரும்புவது, அதில் பொய்யும் ஏமாற்றும் இல்லாதவரை, செல்வம் தேடுவதைப் போன்றதே. தன்னளவில் விலக்கப்பட்டதன்று என்பது அவர்கள் கருத்து. நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் காண வெளியே செல்லுமுன், தண்ணீர்ப் பாத்திரத்தில் பார்த்துத் தலைப்பாகையையும் முடியையும் சரிசெய்துகொண்ட செய்தியை அவர்கள் அங்கே எடுத்துக்காட்டுகின்றார்கள். பிறர் கண்ணுக்கு இதமாகத் தோன்ற விழைவது நாகரிகத்தின் ஒரு பகுதி.

ஆனால் இவ்விளைஞர்கள் படமெடுக்கும் முறையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது; கவலையும் வந்தது. வண்டியின் சங்கிலிப் பக்கமே தெரிய வேண்டுமாம். பெடல் தண்டு குறிப்பிட்ட சாய்வில் நிற்க வேண்டுமாம். இரண்டு சக்கரங்களின் காற்றுக்குழாய் வாயும் நேர் கீழே இருக்க வேண்டுமாம். டயரில் உள்ள பெயர் அதற்கு நேராக அமைய வேண்டுமாம். தவறினால் பார்ப்பவர்கள் ஏளனம் செய்வார்களாம். ஏறி ஓட்டிய முதல் நிமிடத்திலேயே இந்த ஒழுங்கெல்லாம் கலைந்துவிடும். அப்படியானால் இந்த அழகு யாருக்காக? வண்டிக்காகவும் இல்லை, ஓட்டுபவனுக்காகவும் இல்லை. பார்க்கும் கண்ணுக்காக மட்டுமே இருக்கின்றது. எல்லை இங்கேதான் இருக்கின்றது என்று எனக்குத் தோன்றுகின்றது. ‘இந்தக் குழாயின் இணைப்பைப் பார்’ என்று ஒருவன் காட்டும்போது, பார்ப்பவன் பார்வை பொருளின்மீது செல்கின்றது. அதைச் செய்த கையின்மீதும், கைக்குத் திறமை தந்தவன்மீதும் செல்லக்கூடும். ‘என்னைப் பார்’ என்று காட்டும்போது பார்வை அவனிலேயே முட்டி நின்றுவிடுகின்றது. இரண்டுக்கும் படம் ஒன்றுதான்.

செய்பவர்களுக்கும் இச்சோதனை இருந்திருக்கின்றது. ரஷ்யாவிலிருந்து வந்து லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் கடை வைத்த ஹெட்சின் என்பவரின் சைக்கிள்கள், 1930களிலிருந்து பின் கவட்டு வளைவுக்காகவும், இணைப்புகளில் கொடியும் இலையுமாக வெட்டப்பட்ட வேலைப்பாட்டுக்காகவும் பெயர் பெற்றவை. அதிர்ச்சியைத் தாங்கவே அந்த வளைவு என்று சொல்லி விற்றார்கள். தாங்கிற்றோ இல்லையோ, தெருவின் அந்தக் கோடியில் வரும்போதே இது ஹெட்சின்ஸ் வண்டி என்று எவரும் சொல்லிவிடுவர். அலங்காரத்துக்குப் பயன் என்ற முகமூடியை அணிவிப்பது வியாபாரத்தின் பழைய வழக்கம். அழகுக்காகவே வளைத்தேன் என்று சொல்லியிருந்தால் அதில் இழிவு ஏதுமில்லை. வசனமே அலங்காரத்தைத் தனியாகச் சொல்லியிருக்கும்போது நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

சுவரில் மாட்டுவது பற்றிய முதியவரின் கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘கீமியாயே ஸஆதத்’ நூலில் வரும் ஓர் உவமை விடை தருகின்றது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒருவன், வழியில் தன் ஒட்டகத்துக்குத் தீனி போடுவதிலும் அதை அலங்கரிப்பதிலுமே பொழுதைக் கழிக்கின்றான். காஃபிலா சென்றுவிடுகின்றது. அவன் பாலைவனத்தில் அழிகின்றான். ஒட்டகத்தைப் பேணாதவனும் மக்காவை அடையமாட்டான் என்பதை இமாமவர்கள் மறுக்கவில்லை. பயணத்துக்குத் தேவையான அளவு பேண வேண்டும் என்பதே அவர்கள் சொல்வது. அந்த அளவு எது என்று தராசில் நிறுத்துச் சொல்ல யாராலும் முடியாது. காஃபிலாவின் மணியோசை இன்னும் காதில் விழுகின்றதா என்று அவரவர்தாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸுலைமான் (அலை) அவர்களின் நிகழ்ச்சியும் இதற்கு இனமானது. ‘ஸாத்’ அத்தியாயத்தில், ஒரு மாலைப் பொழுதில் உயர்ரகக் குதிரைகள் அவர்கள் முன் காட்டப்படுகின்றன. அவற்றின்மீது கொண்ட நேசத்தில் பொழுது மறைந்துவிடுகின்றது. மீண்டும் கொண்டு வரச் சொல்லி, அவற்றின் கால்களையும் கழுத்துகளையும் கையால் தொடுகின்றார்கள். அந்தத் தொடுகை எத்தகையது என்பதில் விரிவுரையாளர்கள் வேறுபடுகின்றனர். இறைநினைவை மறக்கடித்ததால் அறுத்துவிட்டார்கள் என்பது ஒரு சாராரின் கருத்து. அன்போடு தடவிக்கொடுத்தார்கள் என்பது மற்றொரு கருத்து. இமாம் தபரி (ரஹ்) அவர்கள் இதையே ஏற்றார்கள். குற்றமற்ற பிராணிகளை ஒரு நபி காரணமின்றி அழித்திருக்கமாட்டார்கள் என்பது அவர்களின் வாதம். எனக்கு இரண்டாவது கருத்தே உவப்பாயிருக்கின்றது. அழகிய பொருளில் மனம் மயங்கிப் பொழுது போயிற்று என்றால், திருந்த வேண்டியது மனமே. பொருளை உடைப்பதால் மனம் திருந்திவிடுவதில்லை. எனவே சைக்கிளை விற்றுவிடச் சொல்லுங்கள் என்று லாத்தாவிடம் சொல்ல எனக்கு ஆதாரம் ஏதும் கிடைக்கவில்லை.

ஆனால் பிரேக் இல்லாதது வேறு விஷயம்.

இதில் எனக்கு இரண்டு கருத்துக்கு இடமில்லை. கால்களால் எதிர்த்து அழுத்தி நிறுத்தும்போது பின்சக்கரம் மட்டுமே தடைபடுகின்றது. எந்த வண்டியும் வேகம் குறையும்போது பளு முன்னோக்கிச் சாய்கின்றது. பின்சக்கரம் தரையைப் பற்றும் பிடி தளர்கின்றது. முன்சக்கரத்தில் நல்ல பிரேக் உள்ள வண்டி நிற்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தூரம் ஓடித்தான், பின்சக்கரத்தை மட்டும் நம்பிய வண்டி நிற்கும். பந்தயத் தடத்தில் இது பொருட்டன்று. தெருவில் குழந்தைகள் குறுக்கே வருகின்றார்கள். பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு விதிகளின்படி, ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கு முன்சக்கரத்தில் ஒரு பிரேக் இருந்தே ஆக வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கேட்கின்றது அந்தச் சட்டம். அதையும் ஏன் கழற்றுகின்றார்கள்? அந்த ஒரு கம்பியும் ஒரு பிடியும் வண்டியின் கோட்டழகைக் கெடுக்கின்றனவாம்!

2016 பிப்ரவரியில் லண்டனில், முன் பிரேக் இல்லாத தடவண்டியில் சென்ற பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணிமீது மோதினான். இரண்டு குழந்தைகளின் தாயான அவர் தலையில் அடிபட்டு, சில நாட்களில் இறந்துபோனார். மறு ஆண்டு வழக்கு நடந்தது. கொலைக்கு நிகரான குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டாலும், குதிரை வண்டிக் காலத்தில், 1861இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ் அவனுக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவன் கொல்ல நினைத்தவனல்லன். ஆனால் அவனுடைய அலங்காரத்தின் விலையை முன்பின் அறியாத ஒருவர் செலுத்த வேண்டியதாயிற்று. தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்னும் நபிமொழியை நம் சட்டநூலோர் பெருவிதியாகக் கொண்டனர். அதன்முன் கோட்டழகு நிற்குமா?

பெர்லின் நகரக் காவலர்கள் 2009லேயே பிரேக் இல்லாத இவ்வகை வண்டிகளைப் பறிமுதல் செய்யத் தொடங்கினர். தென் கொரியாவில் இது பள்ளிப் பிள்ளைகளிடம் பரவி விபத்துகள் நேரவே, 2025 ஆகஸ்டில் அந்நாட்டுக் காவல்துறை கண்டிப்பான நடவடிக்கையை அறிவித்தது. திரும்பத் திரும்ப எச்சரித்தும் பிள்ளையைத் தடுக்காத பெற்றோரையே பொறுப்பாக்க நேரிடும் என்றும் சொல்லிற்று. பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிரேக் கழற்றப்பட்டதைக் காணாததுபோல் இருந்த பெற்றோர் அங்கே எத்தனை பேரோ. நம் வீடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுத்துவிட்டு, “மெதுவாப் போ” என்று சொல்லும் வாப்பாமார்கள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நாம் சிறுவயதிலேயே மனனம் செய்கின்றோம். ‘அஸ்ஸுக்ருஃப்’ அத்தியாயத்து வசனம் அது. இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன் என்றும், நம் ஆற்றலால் இதை வசப்படுத்தியிருக்க இயலாது என்றும், நம் இறைவனிடமே நாம் திரும்புபவர்கள் என்றும் அதன் கருத்து. வாகனம் வசப்பட்டிருப்பதே ஒரு நிஃமத். அந்த நிஃமத்தை, பார்வைக்குக் குறுக்கே நிற்கின்றது என்று கழற்றி எறிந்துவிட்டு ஏறுபவன், அந்த துஆவை எந்த நாவால் ஓதுவான்?

இன்னொன்றையும் மருமகனிடம் கேட்க நினைத்தேன். பழைய ஃப்ரேமை இவ்வாறு மாற்றுபவர்கள், பல் மாற்றும் கருவி மாட்டும் கொக்கியையும், கேபிள் செல்லும் சிறு வளையங்களையும், விளக்கு மாட்டும் காதையும் அரத்தால் அராவி வழவழப்பாக்கிவிடுவதுண்டு. அப்படிச் செய்தால், பிறகு எவரும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது. விலை கொடுத்து வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்பது சட்டம். ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பித்தளை உருக்கி ஒட்டிய வேலையை, ஒரு பருவத்தின் நாகரிகத்துக்காக அழித்துவிடுவது அமானத்தில் கை வைப்பதுபோல் எனக்குத் தோன்றுகின்றது. நான் கேட்குமுன் அவனே சொன்னான். ஒன்றையும் அராவவில்லையாம். “எனக்குப் பின்னால் யாராவது கியர் வைத்து ஓட்ட விரும்பினால், மாமா?” என்றான். முகத்துதியைத் தேடிப் போனவனின் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை.

பிரேக்கைப் பற்றி அவனிடம் நேரடியாகவே பேசினேன். வண்டியை நிறுத்தும் திறமை தன் காலுக்கு உண்டு என்றான். உன் காலுக்கு உண்டு, குறுக்கே வருபவளுக்கு அது தெரியுமா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்தான். அலுவலகத்துக்கு அதில்தான் தினமும் செல்கின்றேன், சுவரில் மாட்டவில்லை என்று வேறு பேச்சுக்கு மாறினான்.

லாத்தாவிடம், படம் அனுப்புவதில் குற்றமில்லை, பிரேக் இல்லாததில் உண்டு என்று மட்டும் சொன்னேன். கிதாபுகளையெல்லாம் பார்த்து இவ்வளவுதானா என்பதுபோல் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வாரங்களுக்குப்பின் இன்னொரு படம் வந்தது. அதே சுவர், அதே பச்சை. ஹேண்டில்பாரில் ஒரே ஒரு பிடியும், அதிலிருந்து முன்சக்கரத்துக்கு இறங்கும் ஒரு கறுப்புக் கேபிளும் இருந்தன. பெடல் தண்டு எப்படியோ நின்றிருந்தது, டயரில் சேறு. அந்த நிறத்துக்குக் கறுப்புக் கேபிள் சற்றும் பொருந்தவில்லை என்று கீழே குறைப்பட்டு எழுதியிருந்தான். படத்தை லாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “அங்கே எந்நேரமும் மழை பெய்யுமே, மட்கார்டு எங்கே?” என்று கேட்டார்கள்.